பிணி சொல்லும் வரலாறு – 11: அங்கொடைக்கு முன்னும் பின்னும்

1873ஆம் ஆண்டு பிரித்தானியர் இலங்கையில் இயற்றிய முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் சித்தம் பேதலித்தவர்களைப் பற்றியது. ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று முறைப்பாடு வந்தால் அவரை மாவட்ட நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். வைத்தியர்கள் சாட்சி சொல்ல வேண்டும். நீதிபதி கட்டளையிட்டால் காப்பகத்துக்கு அனுப்பலாம். 1956இல் அதன் பெயரை மனநோய்கள் கட்டளைச் சட்டம் என்று மாற்றினார்கள். புதிய சட்டத்துக்கு வரைவுகள் பல எழுதப்பட்டும், 21ஆம் நூற்றாண்டுக்குள்ளும் பழைய சட்டமே நடந்துவந்தது.

இந்தச் சட்டப்படி, நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீதிமன்றம் குறுக்கே நின்றது. அதற்கு முன்னர் வன்னியில் ஒருவருக்கு விசர் பிடித்தால் யார் பார்த்தார்கள்? எங்கே வைத்திருந்தார்கள்? என்ன காரணம் சொன்னார்கள்? போன இதழில் வன்னிக் காய்ச்சலுக்கும் பரங்கி நோய்க்கும் ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு கைகொடுத்தது. உடம்பு நோய்க்குக் கச்சேரியில் கணக்கு இருக்கும். மனநோய்க்கு அப்படிக் கணக்கு கிடையாது. ஏட்டிலும் கோயிலிலும் வழக்காற்றிலும் தேட வேண்டியிருக்கிறது.

தேடும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தூர தேசத்தை எடுத்துக்கொள்கிறேன். அது கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசு. அதன் தலைநகர் கொன்ஸ்தாந்திநோப்பிள், இன்றைய இஸ்தான்புல். கோட்டை இராச்சியத்தின் சப்புமல் குமாரயன் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடித்தது ஏறத்தாழ 1450இல். கொன்ஸ்தாந்திநோப்பிள் துருக்கியர் கையில் விழுந்தது 1453இல். இரண்டு அரசுகளுக்கும் நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவரவில்லை. ஆனால் மனநோய் விடயத்தில் இரண்டு சமூகமும் ஒரே மாதிரியான மூன்று வாசல்களைத் தட்டியிருக்கின்றன: வைத்தியர், கோயில், வீடு. அந்த ஒற்றுமை தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

வைத்தியர் வாசலிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய சிங்காசனப் பெயர்கள் செகராசசேகரன், பரராசசேகரன். அந்தப் பெயர்களிலேயே இரண்டு பெரிய வைத்திய நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஏடுகளாகப் பரியாரி வீடுகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடி ஒப்புநோக்கி அச்சில் ஏற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. 1928 தொடக்கம் சில வருடங்களாகப் பரராசசேகரம் பாகம் பாகமாக வெளிவந்தது. ஒரு தனிமனிதர் செய்த அந்த வேலை இல்லாவிட்டால் ஈழத்து வைத்திய வரலாற்றில் பாதி கறையானுக்குப் போயிருக்கும்.

இந்த மரபில் மனம் குழம்புவதும் உடம்பு நோய்தான். வாதம், பித்தம், சிலேற்பனம் மூன்றும் நிலைமாறும்போது தலை சூடேறும், நித்திரை போகும், பேச்சு தடுமாறும். அகத்தியர் பெயரில் வழங்கும் மானிடக் கிறுக்கு நூல் 64 என்ற சிறு நூல் கிறுக்கை 18 வகையாகப் பிரிக்கிறது. சதா சிரிப்பவர், அழுபவர், ஓடித் திரிபவர், பேசாமல் மூலையில் குந்தியிருப்பவர் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காமல் தனித்தனியே கவனித்த கண் அது. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்ப்பது, மூக்கில் நசியம் விடுவது, பேதிக்குக் கொடுப்பது, வல்லாரையும் பிரமியும் சேர்த்துக் காய்ச்சிய நெய் கொடுப்பது, கடும் பத்தியம் காக்க வைப்பது என்பவை சிகிச்சைகள். இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்பது வேறு கேள்வி. நோயாளியை ஒருவர் தினமும் தொட்டு, எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, நித்திரையாக்கினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிரேக்க வைத்தியர்களும் இதே தடத்தில் போனார்கள். அவர்களுக்கு நான்கு தாதுக்கள்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் சொன்னதை ஏழாம் நூற்றாண்டில் ஏஜினாத் தீவைச் சேர்ந்த பவுல் ஏழு புத்தகங்களாகச் சுருக்கினார். அதில் மனச்சோர்வுக்கு அவர் சொல்வது அடிக்கடி குளிப்பாட்டல், ஈரலிப்பான உணவு, பேதி. ஏழாலையிலிருந்து ஒரு பரியாரியைக் கொண்டுபோய்ப் பவுலின் வீட்டில் விட்டிருந்தால் அவருக்குப் பெரிதாக எதுவும் புதிதாக இருந்திராது.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த திரால்லெஸ் ஊர் அலெக்சாந்தர் என்ற வைத்தியர் எனக்குப் பிடித்தமானவர். நோயாளியின் கதையை அவர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஒரு பெண் தன் விரலில் உலகம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருப்பதாக நம்பினாள். விரலை மடக்கினால் உலகம் விழுந்து எல்லோரும் செத்துப்போவார்கள் என்ற பயத்தில் மடக்கவே மாட்டாள். இன்னொருவர் தன் தலை வெட்டுண்டு போய்விட்டதாக நம்பினார். அவருக்கு ஒரு வைத்தியர் ஈயத்தால் தொப்பி செய்து போட்டுவிட்டாராம். பாரம் அழுத்த அழுத்தத் தலை இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. பாம்பை விழுங்கிவிட்டேன் என்று தவித்த பெண்ணுக்கு வாந்திக்குக் கொடுத்து, அவள் பார்க்காத நேரத்தில் பாத்திரத்துக்குள் ஒரு பாம்பைப் போட்டுக் காட்டியதும் அவர் எழுதிய கதைதான். இந்தத் தந்திரங்களை இன்றைய மனநல மருத்துவர் ஏற்கமாட்டார். ஆனால் 1,400 வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணின் விரலில் இருந்த பாரம் என்னவென்று ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார்.

இவ்வளவு தேர்ந்த வைத்தியம் இருந்தும் ஆஸ்பத்திரிக்குள் மனநோயாளிக்கு இடம் இருக்கவில்லை. 1136இல் இரண்டாம் யோவான் கொம்னெனோஸ் பேரரசர் கட்டிய பாந்தொக்ராத்தோர் மடத்து ஆஸ்பத்திரியில் 50 கட்டில்கள், ஐந்து பிரிவுகள். பெண்களுக்குத் தனிப் பிரிவு, அதற்குப் பெண் வைத்தியர். மனநோய்க்குப் பிரிவு இல்லை. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 கட்டில்கள் கொண்ட ஆதுரசாலை ஒன்றையும், அங்கே இருந்த வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளரைப் பார்ப்பவர், மருந்துகள் என்று அத்தனையையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அங்கும் மனநோயாளியைப் பற்றிப் பேச்சில்லை. வவுனியாவிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்தில் மிகிந்தலை. ஒன்பதாம் நூற்றாண்டு மடத்து ஆஸ்பத்திரியின் அத்திவாரத்தையும், ஆள் படுக்கும் வடிவில் கல்லில் குடைந்த மருந்துத் தொட்டியையும் இன்றும் பார்க்கலாம். அந்தத் தொட்டியில் சித்தம் கலங்கியவர்களையும் கிடத்தினார்களா என்று கல் சொல்லாது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குள் மனநோயாளிக்கு அறை ஒதுக்கியவர்கள் அரபுலகத்தார். 1284இல் கெய்ரோவில் கட்டப்பட்ட மன்சூரி ஆஸ்பத்திரியில் அவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. கிரேக்கருக்கும் நமக்கும் அந்த இடத்தைக் கோயில் நிரப்பியது.

கோயில் வாசலில் நோய்க்குக் காரணம் வேறு. பித்தம் அங்கே பேயாகிறது. வைத்தியர் சொன்ன காரணமும் பூசாரி சொன்ன காரணமும் ஒன்றோடொன்று மோதியதாகப் பைசாந்தியச் சனங்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. காலையில் வைத்தியரிடமும் மாலையில் புனிதரின் கல்லறைக்கும் போனார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த சீக்கியோன் ஊர்த் தியோதோர் என்ற துறவி பேய் ஓட்டுவதில் பேர்பெற்றவர். அவரிடம் வந்தவர்களில் சிலரை, இது வைத்தியர் பார்க்க வேண்டிய நோய் என்று அவரே திருப்பி அனுப்பியதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

நம் பக்கத்துக்கு ஒரு வெளியார் சாட்சி இருக்கிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே தப்பி மன்னாரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். நாம் அருவியாறு என்று சொல்லும் அதே ஆறு. 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் கண்டிச் சிங்களவர் நடுவே தான் கண்ணால் கண்டதை எழுதுகிறார். ஆணும் பெண்ணும் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார்கள், ஆனால் யாருக்கும் தீங்கு செய்யமாட்டார்கள். சிலர் பேச்சிழந்து நடுங்குவார்கள், ஆடுவார்கள், நெருப்பில் நடப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். இதைப் பேயின் வேலை என்றே நொக்ஸும் நம்பினார். லண்டனிலிருந்து வந்த கப்பற்காரரின் விளக்கமும் கண்டிக் கிராமத்தவரின் விளக்கமும் 17ஆம் நூற்றாண்டில் ஒன்றாகவே இருந்தன என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். மூடநம்பிக்கை கிழக்கின் சொத்து என்ற பேச்செல்லாம் பின்னால் வந்தது.

வன்னியில் பார்வை பார்ப்பவரின் முற்றம் இன்றும் அந்தப் பழைய ஒழுங்கில்தான் இருக்கிறது. நோயாளியைக் கிழக்கு முகமாக இருத்துவார்கள். தாய் ஒரு பக்கம், பெரியதாய் ஒரு பக்கம். திருநீறு போடுவார், வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவுவார், தேசிக்காயை வெட்டிக் காலடியில் போடுவார், நூல் கட்டுவார். பெரிய கோளாறு என்றால் ஒரு நாள் குறித்துக் கழிப்புக் கழித்து, நீற்றுப்பூசணியைச் சந்தியில் வெட்டுவார்கள். யார் செய்வினை செய்தது, எந்தக் காணித் தகராறு, எந்தக் கலியாணம் குழம்பியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பார்வை பார்க்கிறவர் பேயிடம் கேட்கிற கேள்விகள் உண்மையில் குடும்பத்திடம் கேட்கிற கேள்விகள். நேரடியாகக் கேட்டால் வாய் திறக்காத மருமகள் உரு ஏறிய நிலையில் மாமியாரைப் பேர் சொல்லித் திட்டுவாள், பிறகு யாரும் அதற்காக அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள்.

கோயிலில் தங்க வைப்பது இன்னொரு முறை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், நோயாளியை வைத்திருந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பது நெடுங்கால வழக்கம். சிங்களவருக்கு நீலம்மஹர விகாரை. கோயில் தங்கலை அறிவியல் முறையில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. அந்தக் கோயிலில் பேயோட்டல் இல்லை, அடி இல்லை. காலையில் பூசை, பிறகு வளவு கூட்டல், செடிக்குத் தண்ணீர் விடல். உறவுக்காரர் ஒருவர் கூடவே தங்கவேண்டும். பலன் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கடைசி வாக்கியத்தில் தேடலாம்.

கோயிலைப் பற்றி இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்ததை மறைத்தால் நான் வரலாறு எழுதியவனாக மாட்டேன். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஏர்வாடித் தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த காப்பகமொன்றில் தீப் பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சங்கிலி பைசாந்தியத்திலும் இருந்தது. 692இல் கூடிய திருச்சபைச் சங்கத்தின் 60ஆம் விதி, பேய் பிடித்ததாக நடிப்பவர்களைத் தண்டிக்கச் சொல்கிறது. என்ன தண்டனை? உண்மையாகவே பேய் பிடித்தவர்களை என்ன பாடு படுத்துகிறோமோ அதே பாடு படுத்துங்கள் என்பதுதான் விதி. நோயாளிக்குக் கொடுத்த சிகிச்சை ஏமாற்றுக்காரனுக்குத் தண்டனையாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. நம் ஊர்களிலும் வீட்டு அறையில் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்ததையும், பிரம்பால் அடித்ததையும், மிளகாய்த்தூள் புகை போட்டதையும் பார்த்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய காலம் பொற்காலம் என்று யாரும் என்னிடம் வரவேண்டாம்.

மூன்றாவது வாசல் வீடு. சங்கிலியை அரசனாலும் தவிர்க்க முடிந்ததா? பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் 565இல் அரியணை ஏறினார். பாரசீகப் போரில் தோல்வி வந்த சமயத்தில் சித்தம் கலங்கிற்று. எபேசு யோவான் என்ற ஆயர் அதை எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் நாய் போலக் குரைப்பார், ஆடு போலக் கத்துவார். யன்னலால் குதிக்கப் போவார் என்று யன்னல்களுக்குக் கம்பி அடித்தார்கள். பக்கத்தில் வந்தவர்களைக் கடித்தார். சில்லுப் பூட்டிய நாற்காலியில் இருத்தி அரண்மனைக்குள் இழுத்துத் திரிந்தால் கொஞ்சம் அடங்குவார். அறைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அது கேட்டால் அமைதியாவார். எதற்கும் அடங்காத நேரத்தில், எல்லையில் இருந்த அரபுச் சிற்றரசன் ஹாரித் வருகிறான் என்று சொன்னால் ஓடி ஒளிவாராம்.

யோவானை ஜஸ்டின் சமயக் காரணத்துக்காகச் சிறைவைத்தவர். அதனால் இந்த விவரிப்பில் கோபமும் இருக்கிறது, தெய்வம் தண்டித்தது என்ற திருப்தியும் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது முக்கியமானது. மனைவி சோபியா 574இல் தைபீரியஸ் என்பவருக்குப் பட்டம் கட்டுவித்து அரசை நடத்தினார். கணவரை எங்கும் அனுப்பவில்லை. 578இல் சாகும்வரை ஜஸ்டின் வீட்டில்தான் இருந்தார். நாற்காலியும் வாத்தியமும் கம்பியும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. அன்பும் பயமும் ஒன்றாகக் கூடியிருந்த பராமரிப்பு அது. வன்னிக் குடிசை எதிலும் இதைத்தான் செய்தார்கள், ஓர்கன் மட்டும் இல்லை.

எல்லா வீடும் அப்படித் தாங்கவில்லை. ஆறாம் லியோ பேரரசர் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளின் சந்தியில் எழுதிய 111ஆம், 112ஆம் சட்டங்கள் இதற்கு அத்தாட்சி. கலியாணத்துக்குப் பிறகு மனைவிக்குப் பைத்தியம் பிடித்தால் கணவன் மூன்று வருடம் பொறுத்துப் பிறகு பிரியலாம். கணவனுக்குப் பிடித்தால் மனைவி ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்ற கணக்கு நமக்கும் பழக்கமானதுதான்.

மூன்று வாசலுக்கும் வெளியே ஒருவர் நிற்கிறார். சிரியாவின் எமெசா நகரில் ஆறாம் நூற்றாண்டில் சிமெயோன் என்ற துறவி செத்த நாயொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். தேவாலயத்தில் மெழுகுதிரிகளை அணைத்தார், பெண்களை நோக்கிக் கொட்டைகளை வீசினார், சிறுவர்களிடம் அடி வாங்கினார். அவர் செத்த பிறகுதான் அது பைத்தியமல்ல, ஞானம் என்று ஊர் சொன்னது. அடுத்த நூற்றாண்டில் லெயொந்தியோஸ் என்ற ஆயர் அவருடைய சரிதத்தை எழுதினார். கடவுளுக்காகப் பைத்தியமானவர்கள் என்று ஒரு வரிசையே கிரேக்கத் திருச்சபையில் உண்டு.

நல்லூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கந்தசுவாமி கோயில் தேரடியில் குந்தியிருந்து போவோர் வருவோரை ஏசிய செல்லப்பா சுவாமியை ஊர் விசர்ச் செல்லப்பா என்றுதான் கூப்பிட்டது. கச்சேரி உத்தியோகத்தை விட்டு வந்தவர். 1915இல் அவர் சமாதியானபோது அவருடைய சீடர்களில் ஒருவர் பின்னாளில் ஈழம் முழுவதும் அறிந்த யோகர் சுவாமி. அந்த யோகர் சுவாமி நல்லூருக்குப் போவதற்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். நம் வன்னிக் காட்டுக்குள் இருந்துதான் விசரன் என்று ஊர் சொன்ன ஒருவரைத் தேடிப் போயிருக்கிறார்.

ஆனால் இந்த மரபைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. சிமெயோனுக்கும் செல்லப்பா சுவாமிக்கும் கிடைத்த கர்ப்பூரத்தில் ஒரு துண்டுகூடச் சாதாரண நோயாளிக்குக் கிடைக்கவில்லை. குளக்கட்டால் தனியே கதைத்துக்கொண்டு நடந்து திரிகிற ஒருவர் எல்லா ஊரிலும் இருந்தார். அவருக்குச் சில வீடுகளில் சோறு கிடைத்தது, சிறுவர்களிடமிருந்து கல்லும் கிடைத்தது. ஞானி என்ற சந்தேகம் அவரைக் காப்பாற்றவில்லை. சோறு போட்ட வீடுகள்தான் காப்பாற்றின.

இனி 1873க்கு வருவோம். பொரளையில் 1840களின் பிற்பகுதியில் காப்பகம் கட்டும்வரை கொழும்பில் மனநோயாளரை ஹெந்தளைக் குட்டநோய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பொரளை நிரம்பி, கறுவாத்தோட்டத்தில் புதிதாகக் கட்டி, அதுவும் நிரம்பி, 1920களில் அங்கொடைக் காப்பகம் வந்தது. லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியின் எட்வேட் மேபோதர் 1930களின் பிற்பகுதியில் இங்கு வந்து பார்த்து, மனநோய்ச் சேவையைத் திருத்தியமைக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அப்போதும் நாடு முழுவதற்கும் அங்கொடைதான்.

வவுனியாவிலிருந்து அங்கொடைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். வடக்கு ரயில் பாதை முழுமையானதே 1905இல்தான். முல்லைத்தீவுக் கமக்காரர் ஒருவர் மகனை விதானையிடம் காட்டி, நீதிமன்றத்தில் நிறுத்தி, ரயிலேற்றிவிட்டால் பிறகு போய்ப் பார்க்க அவருக்கு வழிச்செலவு இருந்திருக்காது. சிங்களம் தெரியாத மகன் அந்த வாட்டில் யாரிடம் என்ன சொல்லியிருப்பான்? கோயிலில் தங்கியபோது தாய் கூட இருந்தாள். காப்பகம் முதலில் வெட்டியது அந்தத் தாயைத்தான். அங்கொடை என்ற ஊரின் பெயரே நம் பேச்சில் வசையாகிப் போனதற்கும் இதுதான் காரணம். போனவர் திரும்பி வருவதை ஊர் அதிகம் பார்க்கவில்லை.

1950களில் வந்த புதிய மருந்துகள் நிலைமையை மாற்றின. குளிசையோடு வீட்டிலேயே இருக்கலாம் என்றாயிற்று. யாழ்ப்பாணத்தில் மந்திகையிலும் தெல்லிப்பழையிலும் மனநோய்ப் பிரிவுகள் இயங்கின. வன்னி அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

வவுனியாவின் நலன்புரி நிலையங்களிலும் ஊர்களிலும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் செய்த ஆய்வு 2002இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. யுத்தம் தொடாத வீட்டைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலை அதில் தெரிந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 280,000 பேர் வவுனியா முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் செட்டிகுளத்து மெனிக் பாமில். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்த ஓர் ஆய்வில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன, 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகள். வன்னியில் அதே அளவுகோலை வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியைப் பற்றி எழுதிய ஆய்வில் காயம் தனிமனிதருக்கு மட்டும் ஏற்பட்டதல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்து ஏற்பட்டது என்றார். இந்த வரலாற்றை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று புரியும். நல்லூர் இராச்சிய காலத்திலிருந்து வன்னியில் மனநோயாளியின் கட்டில் வீட்டுக்குள்தான் கிடந்தது. 2009இல் அந்த வீடே போயிற்று. எண்ணெய் வைக்கத் தாய் இல்லை, நேர்த்திக் கடனுக்குக் கோயில் இல்லை, சோறு போட அயல் இல்லை.

சடங்கும் போயிற்று. செத்தவரை எரித்து, காடாற்றி, எட்டுச் செலவு செய்து, 31ஆம் நாள் அந்தியேட்டி முடித்து, கீரிமலையில் முழுகி வந்தால் துக்கத்துக்கு ஒரு கரை உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அந்தியேட்டி செய்வது எப்படி? செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்து வைத்ததாகிவிடும். செய்யாவிட்டால் துக்கம் முடியாது. 2017 பெப்ரவரி 24ஆம் திகதி வவுனியாவில் அந்தத் தாய்மார் கொட்டகை போட்டு வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் தராமல் அவர்களுக்கு நித்திரைக் குளிசை மட்டும் கொடுப்பது வைத்தியம் ஆகாது. பரியாரி காலத்திலும் ஆகியிருக்காது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இருக்கவேண்டும் என்று நாட்டின் மனநலக் கொள்கை சொன்னது. அங்கொடைக்கு அனுப்புவது என்ற 19ஆம் நூற்றாண்டு வழி, காகிதத்திலாவது, அன்றோடு முடிந்தது. இப்போது வன்னியிலேயே கிளினிக் நடக்கிறது. மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு தோட்டம் செய்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள் நம் அயலிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலர் புதூர் நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளைக்கும் நேர்த்தி வைத்தவர்கள்தான். இதில் முரண் எதுவும் இல்லை என்பதைத் தியோதோர் துறவி 1,400 வருடங்களுக்கு முன்னரே ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஆகவே இதை வாசிக்கும் குடும்பங்களிடம் கேட்பது இதுதான். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், நூல் கட்டுங்கள், பொங்கல் வையுங்கள். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். யாரையும் கட்டிப் போடாதீர்கள், அடிக்க விடாதீர்கள். கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து நோயை மூன்று வருடம் ஒளித்து வைக்காதீர்கள், அந்த மூன்று வருடத்தில்தான் நோய் வேர் விடும். கிளினிக்குக்கு முதல் நாள் போகும்போது ஒருவர் கூடப் போங்கள், அடுத்த முறையும் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம்.